பழைய ரம்பமும் பாடபேதமும்

ஆசிரியர் அறையில் நண்பர் ஒருவர் என் கணினித் திரையை எட்டிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். திரையில் இருந்தது மஞ்சள் வண்ணம் உதிர்ந்த பழைய சங்கிலி ரம்பம் ஒன்றின் படம். மரம் வெட்டுவோர் 'செயின்சா' என்று சொல்வார்களே, அதுதான். "சங்கப் பாட்டு நடத்துகிற ஆளுக்கு மரம் வெட்டுகிற மெஷினோடு என்னய்யா உறவு?" என்றார். அவர் தாவரவியல் ஆசிரியர். கேள்வியில் கேலியைவிட வருத்தமே மிகுந்திருந்தது. அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். அன்று சொல்லாமல் விட்ட பதில் நீண்டுகொண்டே போயிற்று. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்கா, கனடா, ஸ்வீடன், ஜெர்மனி முதலிய நாடுகளில் பழைய சங்கிலி ரம்பங்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் உண்டு. நாம் நாணயமும் அஞ்சல்தலையும் சேர்ப்பது போன்றதே. ஆனால் இவர்கள் சேர்ப்பதோடு நிற்பதில்லை. கொட்டகைகளிலும் பழைய இரும்புக் கடைகளிலும் கிடந்த எந்திரத்தைக் கொண்டுவந்து, கழற்றி, துடைத்து, மீண்டும் உறும வைப்பதே இவர்களுடைய இன்பம். இவர்கள் எழுதும் குறிப்புகளையும் வெளியிடும் படங்களையும் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். ரம்பம் பிடித்து நான் ஒரு கிளையைக்கூட வெட்டியதில்லை. ஆயினும் அவர்களுக்குள் நடக்கும் சண்டை ஒன்று எனக்கு மிகவும் பழக்கமான சண்டையாக இருக்கிறது. அதற்கு முன் எந்திரத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

ஆந்திரியாஸ் ஸ்டீல் என்னும் ஜெர்மானியர் 1926இல் ஸ்டுட்கார்ட் நகரில் தம் தொழிலைத் தொடங்கினார். அவருடைய முதல் ரம்பம் மின்சாரத்தில் ஓடியது. காட்டுக்குள் மின்சாரத்துக்கு எங்கே போவது? 1927இல் எமில் லெர்ப் என்னும் மற்றொரு ஜெர்மானியர் பெட்ரோலில் ஓடும் ரம்பத்தைத் துரிங்கியா பகுதியிலுள்ள டோல்மார் என்னும் மலையில் ஓட்டிக் காட்டினார். அம்மலையின் பெயரே பிறகு அவருடைய நிறுவனத்தின் பெயராயிற்று. ஸ்டீல் 1929இல் வெளியிட்ட பெட்ரோல் ரம்பம் 6 குதிரைத்திறன் உடையது. எடை 46 கிலோ. இரண்டு பேர் இருபுறமும் பிடித்துத் தூக்க வேண்டும். அதே நிறுவனம் 1959இல் 'கான்ட்ரா' என்னும் ரம்பத்தைக் கொண்டுவந்தது. அதே 6 குதிரைத்திறன். எடை 12 கிலோ. முப்பதே ஆண்டுகளில் இரண்டு ஆட்களின் சுமை ஒருவர் கையில் எடுக்கும் பொருளாகிவிட்டது. அமெரிக்காவில் மெக்கலக் நிறுவனம் 1949இலேயே ஏறத்தாழ 11 கிலோ எடையில் ஒரு ரம்பத்தை விற்கத் தொடங்கியிருந்தது.

எடை குறைந்தது மட்டும் செய்தியன்று. பழைய கார்புரேட்டரில் மிதவை ஒன்று இருக்கும். எஞ்சினைச் சாய்த்தால் மிதவை தடுமாறும், எஞ்சின் நின்றுபோகும். எனவே எஞ்சினை நேராக வைத்துக்கொண்டு, வெட்டும் தண்டை மட்டும் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. மிதவையின் இடத்தில் மெல்லிய சவ்வு வந்தபின் ரம்பத்தை எப்படிப் பிடித்தாலும் அது ஓடியது. நிற்கும் மரம், விழுந்த மரம், கிளை என எல்லாவற்றையும் ஒரே ஆள் ஒரே எந்திரத்தால் அறுக்க முடிந்தது. காட்டின் தலைவிதியை மாற்றியதில் உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சவ்வுக்கும் ஒரு பங்குண்டு.

இன்னொரு செய்தி. தொடக்ககாலச் சங்கிலிகளின் பற்கள் கைரம்பத்தின் பற்களைப் போலவே இருந்தன, மரத்தைப் பிறாண்டின, விரைவில் மழுங்கின. 1946இல் ஜோசப் காக்ஸ் என்னும் மரவெட்டி, அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், வண்டின் புழு ஒன்று அடிமரத்தைத் தின்பதைக் கூர்ந்து நோக்கினார். அது நார்ப்போக்கிலும் குறுக்கிலும் ஒரே எளிமையோடு குடைந்து சென்றது. அதன் தாடைகள் இடமும் வலமுமாக அசைந்து மரத்தைச் சீவின. அந்தத் தாடையின் அமைப்பை எஃகில் வார்த்தார் காக்ஸ். இன்று உலகெங்கும் ஓடும் ரம்பச் சங்கிலிகளின் பல் அமைப்பு அடிப்படையில் அவர் கண்டதே. மரத்தைத் தின்னும் வித்தையை மரத்திலேயே வாழும் புழுவிடம் மனிதன் கற்றான்.

தாவரவியல் நண்பரின் வருத்தம் இங்கேதான் எழுகிறது. "இவ்வளவு அழகாகச் சொல்கிறீர்களே, இந்த அழகு என்ன செய்தது?" என்பார் அவர். நியாயமான கேள்வி. கலிபோர்னியாவின் கடலோரச் செம்மரக் காடுகளில், மனிதக் கை படாத முதுகாடு இன்று ஏறத்தாழ 5 விழுக்காடே எஞ்சியிருக்கிறது. பழி முழுதும் சங்கிலி ரம்பத்தின்மேல் இல்லை. கோடரியும் இருவர் இழுக்கும் நெடுரம்பமும் பெரும்பகுதியை முன்பே முடித்திருந்தன. ஆனால் வேகம் ரம்பத்தினுடையது. அக்காட்டில் 'லூனா' என்று பெயரிடப்பட்ட ஒரு மரத்தைக் காக்க ஜூலியா பட்டர்பிளை ஹில் என்னும் இளம்பெண் 1997 டிசம்பரில் மரத்தின்மேல் ஏறினார். 738 நாள் அங்கேயே வாழ்ந்து, மரத்துக்குப் பாதுகாப்பு உறுதி பெற்றபின்தான் கீழே இறங்கினார். ஓராண்டு கழிவதற்குள், 2000 நவம்பரில், யாரோ சங்கிலி ரம்பத்தால் அம்மரத்தை ஆழமாக அறுத்துவிட்டுப் போனார்கள். எஃகுத் தகடுகளால் இறுக்கிக் கட்டி அதைக் காப்பாற்றினர். இப்படிப்பட்ட கருவியை ஒருவன் மடியில் வைத்துத் துடைப்பதைப் பார்த்தால் மரத்தை நேசிப்பவருக்கு வயிறு எரியத்தான் செய்யும்.

நாமும் மரத்தை உறவாகக் கண்ட மரபினர். நற்றிணையில் ஒரு பெண், தான் விதையூன்றி வளர்த்த புன்னையைத் தன் தங்கை என்று தாய் சொல்லக் கேட்டு வளர்ந்தவள். அதன் நிழலில் காதலனோடு சிரித்துப் பேச நாணுகிறாள். அதே மரபில் இன்னொரு காட்சியும் உண்டு. வென்ற மன்னன் தோற்றவனின் காவல்மரத்தை வெட்டி வீழ்த்துவான். அதைக் குடைந்து முரசு செய்வான். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் பகைவரின் கடம்பை வெட்டி முரசு செய்த செய்தியைப் புலவர்கள் பெருமிதத்தோடு பாடினர். இப்பாடல்களைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்திய பிறகே எனக்கு ஒன்று உறைத்தது. மரம் நமக்கு நினைவிருக்கிறது. மன்னன் நினைவிருக்கிறான். முரசும் நினைவிருக்கிறது. வெட்டிய கோடரியும் அதைப் பிடித்த ஆளும் எங்கே? மன்னனா கோடரி பிடித்திருப்பான்? யாரோ ஒருவன் வியர்வை வழிய நாள் முழுதும் வெட்டியிருப்பான். அவனைப் பற்றி நம்மிடம் ஒரு சொல்லும் இல்லை.

இதனால்தான் பழைய ரம்பங்களைக் காப்பவர்களை நான் குறை சொல்வதில்லை. அழிவை மறக்க வேண்டுமென்றால் கருவியை உருக்கிவிடலாம். நினைவில் வைக்க வேண்டுமென்றால் கருவி இருக்க வேண்டும். அது மரத்துக்கு நேர்ந்ததற்கு மட்டுமன்றி, அதைப் பிடித்த மனிதனுக்கு நேர்ந்ததற்கும் சான்று. அதிரும் கருவியை ஆண்டுக்கணக்கில் பிடிப்பவரின் விரல்களில் இரத்தவோட்டம் குன்றும். குளிரில் விரல்கள் வெளுக்கும், மரத்துப்போகும். அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் 1918இல் இந்தியானா மாநிலக் கல்தச்சர்களிடம் இந்நோயைக் கண்டு எழுதினார். அரைநூற்றாண்டுக்குப் பின் அதே வெண்விரல் நோய் காடுகளில் ரம்பம் பிடித்தவர்களிடம் பரவலாகக் காணப்பட்டது. 1960களின் பிற்பகுதியில்தான் கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் இடையே அதிர்வைத் தாங்கும் ரப்பர்கள் வரத் தொடங்கின. அதற்கு முந்திய ரம்பத்தில் இரும்புக் கைப்பிடி எஞ்சினோடு நேராக முடுக்கப்பட்டிருக்கும். அத்தகைய கைப்பிடி ஒன்றில் யாரோ துணிநாடாவைப் பல சுற்றுச் சுற்றியிருந்ததை ஒரு படத்தில் பார்த்தேன். எண்ணெயும் அழுக்கும் ஊறிக் கறுத்த நாடா. அந்த மனிதனுக்குக் கை வலித்திருக்கிறது என்பதற்கு வேறென்ன ஆவணம் வேண்டும்?

அடுத்த படத்தில் அந்த நாடா இல்லை. புதுக் கைப்பிடியும் புது வண்ணமும் பளபளத்தன.

சேகரிப்பாளர்களுக்குள் நடக்கும் சண்டை இதுவே. ஒரு சாரார், எந்திரம் கடையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி ஆக்க வேண்டும் என்பர். உறையை மணல்வீச்சாலோ கண்ணாடிமணி வீச்சாலோ தேய்த்து உலோகம் தெரியச் செய்து, பழைய நிறத்தைத் தேடிப் பூசி, பெயர் ஒட்டிகளைப் புதிதாக அச்சடித்து ஒட்டுவர். மற்றொரு சாரார், ஓடுவதற்கு வேண்டியதை மட்டும் செய்; தோலைத் தொடாதே என்பர். பாயிண்டைச் சுத்தம் செய்வது, கார்புரேட்டரின் சவ்வை மாற்றுவது, இறுகிப்போன ஆயில் சீலையும் விரிசல் விட்ட பெட்ரோல் குழாயையும் மாற்றுவது, இழுகயிறு புதிதாகப் போடுவது ஆகியவற்றோடு நிறுத்திக்கொள் என்பர்.

நான் இரண்டாம் கட்சி. காரணம், தமிழ் படித்தவன் என்பதுதான். ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்பவர் முன் இதே கேள்விதான் நின்றது. செல் அரித்த இடத்தில் என்ன செய்வது? யாப்புத் தெரிந்த புலவருக்கு விட்டுப்போன சீரை இட்டு நிரப்புவது பெரிய வேலையன்று. ஓசை கெடாமல், பொருள் குன்றாமல், யாரும் கண்டுபிடிக்க முடியாமல் நிரப்பிவிடலாம். உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். இன்று எந்தப் பதிப்பைத் திறந்தாலும் 266ஆம் பாட்டுக்குப் பிறகு 269ஆம் பாட்டு வருகிறது. 267, 268 கிடைக்கவில்லை. நானூறு என்ற எண்ணை நிறைவாகக் காட்ட இரண்டு பாட்டுக் கட்டிச் சேர்க்க அக்காலத்தில் புலவரா இல்லை? சேர்க்கவில்லை. எண்கள் வெறுமையாகவே நிற்கின்றன. சிதைந்த அடிகளில் புள்ளிகள் நிற்கின்றன. சுவடிக்குச் சுவடி வேறுபடும் பாடங்கள் அடிக்குறிப்பில் நிற்கின்றன. இந்த நேர்மையால்தான் நம்மால் அந்நூலை நம்பிப் படிக்க முடிகிறது.

எதிர்மறைச் சான்றும் நம்மிடமே உண்டு. திருப்பணி என்ற பெயரில் கோயில் சுவர்களில் மணலை வீசி அழுக்கு நீக்கியபோது என்ன ஆயிற்று? அழுக்கோடு கல்வெட்டின் கூர்மையும் போயிற்று. சிலையின் முகம் மழுங்கிற்று. செய்தவர்கள் பகைவர்கள் அல்லர், பக்தர்கள். கோயில் புதிதாக இருக்க வேண்டும் என்று மனமார விரும்பியவர்கள்.

நானும் அப்படி விரும்பியவன்தான். என் தாய்வழித் தாத்தா தச்சர். அவருடைய கைரம்பம் ஒன்று வீட்டில் கிடந்தது. பிடி கறுத்து, ஓரிடத்தில் குழிந்து, தகடு துருவேறி இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கையில் காசு இருந்த பெருமையில் அதை ஒரு பட்டறையில் கொடுத்தேன். தகட்டைத் தேய்த்து மின்ன வைத்து, தேக்கில் புதுப்பிடி போட்டு, வார்னிஷ் அடித்துக் கொடுத்தார்கள். அம்மாவிடம் நீட்டினேன். அவர் பிடியைக் கையில் வாங்கிக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தார். "இது எங்கப்பா ரம்பம் மாதிரியே இல்லையே" என்றார். அவர் தேடியது அந்தக் குழியை. நாற்பது ஆண்டுகள் தாத்தாவின் கட்டைவிரல் அழுந்திய இடம் அது. பழைய பிடியைக் கேட்டுப் பட்டறைக்கு ஓடினேன். அடுப்பில் போட்டுவிட்டார்களாம். பட்டறைக்காரர்மேல் குற்றமில்லை, நான் சொன்னதைத்தான் அவர் செய்தார்.

மெக்கலக் நிறுவனத்தை முன்பு குறிப்பிட்டேன். அதன் தலைவர் இராபர்ட் மெக்கலக் 1968இல் ஒரு விந்தை செய்தார். இலண்டன் நகரம் விற்பனைக்கு வைத்த பழைய இலண்டன் பாலத்தை 24,60,000 டாலருக்கு வாங்கினார்! 1831இல் திறக்கப்பட்ட கற்பாலம் அது. கற்களுக்கு எண்ணிட்டுக் கழற்றி, கடல் கடத்தி, அரிசோனாப் பாலைவனத்தில் தாம் உருவாக்கி வந்த ஹவாசு ஏரி நகருக்குக் கொண்டுசென்று 1971இல் மீண்டும் நிறுத்தினார். உள்ளே வலுவூட்டிய கான்கிரீட். மேலே பழைய கல் போர்வை. இது பழைய பாலமா, புதிய பாலமா என்று இன்றும் வேடிக்கையாகக் கேட்பார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. அப்பாலத்தில் தோல் பழையது, எலும்பு புதியது. வண்ணம் பூசி மினுக்கிய ரம்பத்தில் எலும்பு பழையது, தோல் புதியது. இரண்டில் எது நேர்மை என்று கேட்டால், பாலமே என்பேன். உள்ளே கான்கிரீட் என்பதை யாரும் மறைக்கவில்லை. காலம் பட்ட முகமும் வெளியே தெரிகிறது. சங்கிலி ரம்பம் செய்த மனிதர் வாங்கிய பாலத்திலிருந்து சங்கிலி ரம்பம் சேர்ப்பவர்கள் ஒன்றைக் கற்கலாம்.

மறுதரப்பின் வாதங்களையும் சொல்லாமல் விடுவது முறையன்று. முதலாவது, பல பழைய ரம்பங்களின் உறை மெக்னீசியக் கலவை. வண்ணம் போய் ஈரம் பட்டால் அது வெண்பொடியாக அரித்து உதிரும். எனவே பூச்சு அழகுக்கல்ல, உயிர்காப்புக்கு என்பார்கள். உண்மை. அரிக்கும் இடத்தில் பூசட்டும். அரிக்காத இடத்தையும் சேர்த்துத் தேய்ப்பானேன்? இரண்டாவது, இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது; பழைய ரப்பர் குழாய் அதைத் தாங்காது, மாற்றியே ஆக வேண்டும் என்பார்கள். இதிலும் எனக்கு மறுப்பில்லை. ஓடாத ரம்பம் பாடாத யாழ். ஓடுவதற்கு வேண்டியதை மாற்றுவதைப் பொருள் விளங்காத எழுத்தைத் திருத்தும் பதிப்பாசிரியர் வேலையாகவே கருதுகிறேன். மூன்றாவது வாதம்தான் வலியது. என் காசு, என் ரம்பம், என் உழைப்பு. பளபளப்பில் எனக்கு மகிழ்ச்சி என்பார்கள். சட்டப்படி சரி. ஏட்டுச்சுவடி வைத்திருந்தவர்களும் அது தங்கள் வீட்டுச் சொத்து என்றுதான் சொன்னார்கள். சிலர் அடுப்பிலும் சிலர் ஆற்றிலும் இட்டார்கள். உடைமைக்கு உரிமை உண்டு. ஆனால் ஒரு பொருள் ஒருவனுடைய கையில் தங்கும் காலம் அதன் வாழ்நாளில் ஒரு பகுதியே.

இதோடு ஓர் எச்சரிக்கையும். பழையதை ஓடவைப்பது வேறு, அதைக்கொண்டு வேலை செய்வது வேறு. வெட்டும் தண்டின் முனை மரத்தில் இடறினால் ரம்பம் ஆளை நோக்கித் துள்ளும். அத்தருணத்தில் சங்கிலியை நிறுத்தும் பிரேக் 1970களில்தான் வந்தது. அதற்கு முந்திய ரம்பத்தில் கைக்கும் சங்கிலிக்கும் இடையே ஒன்றும் இருக்காது. அதைப் பழமை கெடாமல் காப்பது சரி; பழமைப் பற்றில் அதை எடுத்துக்கொண்டு விறகு வெட்டப் போவது பேதைமை. ஓரிரு நிமிடம் ஓட்டி, அதன் குரலைக் கேட்டு, நிறுத்திவிடலாம்.

அப்படியானால் என்ன செய்யச் சொல்கிறேன்? பெரிதாக ஒன்றுமில்லை. கழற்றும் முன் படம் எடுத்து வைக்கலாம். எதை மாற்றினோம், எதை விட்டோம், எந்த ஆண்டில் என்று ஒரு தாளில் எழுதி எந்திரத்தோடு வைக்கலாம். அதுதான் அதன் அடிக்குறிப்பு. கழற்றிய பழைய உறுப்புகளைக் குப்பையில் எறியாமல் ஒரு பெட்டியில் போட்டு வைக்கலாம். உறையில் யாராவது கீறிய பெயரெழுத்தோ எண்ணோ இருந்தால் அதன்மேல் வண்ணம் பூசாமல் விடலாம். கைப்பிடியில் நாடா சுற்றியிருந்தால் அதை அவிழ்க்காமல் இருக்கலாம்.

தாவரவியல் நண்பருக்கு இதைப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, "நாடா இருக்கட்டும், அந்த ரம்பம் எத்தனை மரம் வெட்டியது என்று அந்தத் தாளில் எழுத முடியுமா?" என்றார். முடியாது என்றேன். "அப்போ அதுக்கும் ஓர் இடம் விட்டு வைக்கச் சொல்லுங்கள், உங்கள் 267, 268 மாதிரி" என்றார். நான் எழுதியதற்கு அவர் போட்ட திருத்தமாக அதையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன்.